பின் சக்கரத்துக்கு வேறு டயர்

கண்ணா,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. கோயம்புத்தூரில் நீ வாங்கியிருக்கும் பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், தை மாசம் நடக்கப்போகும் உன் கல்யாணத்தைப் பற்றி நான்கு வரி. உன் அப்பா படித்துவிட்டு, "இவனுக்குப் பொண்ணை விட வண்டியைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு போல" என்று சிரித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. "வண்டியில் டயர் எல்லாம் தேய்ந்துவிட்டது, கடைக்காரர் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரி ஜோடியாகப் போடச் சொல்கிறார், எதைப் போடலாம் என்று அம்மாவைக் கேட்டு எழுதவும்" என்று எழுதியிருந்தாய். அவர் கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டி, "இது எனக்கு வந்தது இல்லை, உனக்கு வந்தது" என்றார். ஒரு பிள்ளை மோட்டார் டயரைப் பற்றித் தன் அம்மாவிடம் கேட்டு எழுதுகிறான் என்றால் அந்த அம்மா எவ்வளவு நிமிர்ந்து உட்காருவாள் என்று உனக்குத் தெரியாது. நான் நேற்றுச் சாயங்காலம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் நாளைக்கு நீ மட்டும் ஏறப்போகும் வண்டி இல்லை அது. உன்னை நம்பி ஒரு பெண் அதில் உட்காரப்போகிறாள். அதனால் நம் வண்டிக்கு நான் எப்படி டயர் தேர்ந்தெடுத்தேன், அது எனக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடந்த அந்தத் தீபாவளிக்கு நீ செங்கல்பட்டில் உன் அத்தை வீட்டில் இருந்தாய். திரும்பி வந்தபோது தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் கேட்டிருப்பாய். பாதிக்கு மேல் கப்சா.

வண்டி நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். சாந்தோமில் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. வாங்கியவர் உன் அப்பா. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மனிதர், கறிகாய் வாங்கினால்கூட இரண்டு தடவை யோசிக்கிறவர், அந்த வண்டி உறுமுகிற சத்தத்தில் மயங்கி வாங்கிவிட்டார். முதல் நாளே கச்சேரி ரோட்டில் ஒரு ஜட்காவுக்கு ஒதுங்கப்போய்ச் சாக்கடையில் இறங்கினார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போயிற்று. அதோடு வண்டியைக் கொல்லையில் நிறுத்திக் கோணியைப் போர்த்திவிட்டார். நானோ மயிலாப்பூர், அடையாறு, மாம்பலம் என்று பிரசவம் பார்க்க அலைந்துகொண்டிருந்தேன். ஜட்கா கிடைத்தால் ஜட்கா, கிடைக்காவிட்டால் நடை. கோணிக்குள் சும்மா நிற்கும் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் கேட்டேவிட்டேன், "நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டு. ஆனா விழுந்தா என்னை மாதிரி விழாதே. மணல் இருக்கிற பக்கமாப் பாத்து விழு" என்றார்.

சாந்தோம் கடற்கரைப் பக்கம் காலை நேரத்தில் கற்றுக்கொண்டேன். காலால் கிளட்சு, கையால் கியர், வலது கையை முறுக்கினால் வேகம். பக்கத்தில் தொட்டில் மாதிரி ஒரு சைடுகார் ஒட்டிக்கொண்டிருந்ததால் வண்டி சாய்ந்து விழாது, அது பாதி தைரியம். புடவையைக் கால்களுக்கு நடுவில் இழுத்துப் பின்னால் செருகிக்கொண்டால் மீதி தைரியமும் வந்துவிடும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்கள் வீட்டில் வலி கண்டபோது அவர்களே வந்து, "வண்டியை எடுத்துக்கிட்டு சீக்கிரம் வாங்க நர்சம்மா" என்றார்கள்.

தியாகராய நகர் என்று இப்போது பெருமையாகச் சொல்கிறார்களே, அது முன்பு மாம்பலம் ஏரி. தண்ணீரை வடித்து மனை பிரித்தார்கள். தண்ணீர் போனதே தவிர ஏரி போகவில்லை. மழை பெய்தால் அந்தக் களிமண்ணுக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். அப்போது அங்கே வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றும், நடுவில் கல் நட்ட காலி மனைகள், ரோடு என்று சொல்லப்பட்டதெல்லாம் வெறும் மண் வரப்பு. அந்த வருஷம் முதல் மழைக்கு அங்கிருந்து ஒருவன் மயிலாப்பூருக்கு ஓடிவந்தான். வீடு கட்டுகிற இடத்தில் அவனும் அவன் பெண்சாதி அஞ்சலையும் கூலி வேலை செய்துகொண்டு, அங்கேயே குடிசை போட்டிருந்தார்கள். அவளுக்கு வலி கண்டுவிட்டது. அவனை சைடுகாரில் உட்காரவைத்துக்கொண்டு போனேன். பனகல் பார்க் தாண்டியதும் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. டயர் மொட்டைத்தலை மாதிரி வழுவழுவென்று தேய்ந்திருந்தது, அதன் மேல் களி பூசிக்கொண்டு இன்னும் வழுவழுப்பானது. முறுக்க முறுக்க வண்டி உள்ளே போயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சேறு ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது, அப்புறம் இன்னொன்றை. குடிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது, கழுத்தில் கொடி சுற்றி. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். மூச்சு வரவில்லை.

அஞ்சலை என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீ இன்னா பண்ணுவ நர்சம்மா. நீ வந்துக்கினுதான் இருந்த. சேறு அந்த மாரி கீது" என்றாள். அந்த ஆறுதலை அவள் எனக்குச் சொல்லும்படி ஆயிற்றே என்பதுதான் தாங்கவில்லை. மறுநாள் மாடு பூட்டி இழுத்துக் கொண்டுவந்த வண்டியைக் கொல்லையில் கழுவும்போது உன் அப்பாவிடம் சொன்னேன், "அடுத்த மழைக்குள்ள இதுக்கு டயர் மாத்தியாகணும். நானே போய்ப் பாத்து வாங்கறேன்."

மவுண்ட் ரோட்டில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு பெரிய கடைக்குப் போனேன். டை கட்டிய மானேஜர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நீளவாக்கில் கோடு கோடாக ஓடும் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, "ரேஸ் ஓடறவங்க எல்லாம் இதைத்தான் போடறாங்க. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ஜோடியாப் போட்டா வண்டி ராஜா மாதிரி இருக்கும்" என்றார். தொட்டுப் பார்த்தேன். அழகான டயர், பொய் சொல்லக்கூடாது.

"சேத்தில எப்படிப் போகும்?" என்று கேட்டேன்.

"சேத்துக்கு ஏம்மா போறீங்க?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் பார்த்த ரோடு மவுண்ட் ரோடு. யாரும் தங்களுக்குத் தெரிந்த ரோட்டுக்குத்தான் டயர் சொல்வார்கள், கண்ணா. நாம் போகவேண்டிய ரோடு எது என்று நமக்குத்தான் தெரியவேண்டும். அதனால் அடுத்த தடவை தூறல் போட்டபோது குடையை எடுத்துக்கொண்டு மாம்பலத்துக்கு நடந்து போனேன். ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு சக்கரங்களை வேடிக்கை பார்த்தேன். மண் ஏற்றி வந்த ஒரு லாரிக்கு எல்லாச் சக்கரத்திலும் கட்டம் கட்டமாக எழும்பிய டயர். பின் சக்கரம் களியைக் கவ்வி வாரித் தள்ளிக்கொண்டு முன்னேறிற்று, யானை மாதிரி. ஆனால் முன் சக்கரம் டிரைவர் திருப்பிய பக்கம் திரும்பவில்லை. கட்டங்களுக்கு நடுவில் களி அப்பிக்கொண்டு, உருண்டையாகிப் பக்கவாட்டில் வழுக்கியது. அவன் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பின்னாலேயே வந்த மாட்டுவண்டியின் மெல்லிய சக்கரமோ சேற்றைக் கத்தி மாதிரிக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைத் தொட்டு, ஒரே கோட்டில் போயிற்று.

அங்கேயே எனக்குப் பளிச்சென்று புரிந்தது. பின் சக்கரத்தின் வேலை தள்ளுவது. முன் சக்கரத்தின் வேலை வழி காட்டுவது. சைடுகார் சக்கரத்துக்கு இரண்டும் இல்லை, கூட உருண்டு வந்தால் போதும். மூன்றும் மூன்று வேலை செய்யும்போது ஒரே செருப்பை எதற்கு மாட்டவேண்டும்? குடையை மடக்கிக்கொண்டு தனியாகச் சிரித்தேன். அந்தப் பக்கம் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

சிந்தாதிரிப்பேட்டையில் டயர் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் இருந்தார். கூரை வரைக்கும் அடுக்கிவைத்த டயருக்கு நடுவில் உட்கார்ந்து, ஊரில் ஓடும் எந்த வண்டியின் சத்தத்தையும் கேலி செய்யக்கூடியவர். அவரிடம் பின்னுக்குக் கட்டம் போட்டது, முன்னுக்கும் சைடுகாருக்கும் கோடு போட்டது என்று கேட்டேன்.

"இன்னாம்மா இது! ஒரு கால்ல பூட்ஸு, ஒரு கால்ல செருப்பா? எல்லாத்துக்கும் கட்டமே போடு. லாரிக்கு அத்தான் போடறான்."

"லாரி திரும்பறதை நீங்க பாத்தீங்களா பாய்?" என்று கேட்டு, நான் பார்த்ததைத் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நீ சொல்றது கரீட்டாத்தான் கீது! நானும் இம்மா வருஷமா வித்துக்கினு கீறேன், ஒருத்தனும் இப்டிக் கேட்டதில்ல. போட்டுத் தரேன். ஆனா ஒண்ணு, தார் ரோட்ல மழ பேஞ்சா பின்னால வழுக்கும். அங்க மட்டும் பொறுமையாப் போ."

"தார் ரோட்டுல மெதுவாப் போக எனக்குத் தெரியும். சேத்தில வேகமாப் போகத்தான் டயர் வேணும்" என்றேன்.

இதை மனதில் வைத்துக்கொள். எல்லா ரோட்டுக்கும் ஏற்ற டயர் என்று ஒன்றை உனக்கு யாராவது காட்டினால் நம்பாதே. எதை எங்கே விட்டுக்கொடுப்பது என்பதை வாங்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும், ஓட்டும்போது அதை மறக்கக்கூடாது. இன்னொன்றும் செய்தேன். வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படவில்லை. சைடுகாரில் ஒரு அரிசி மூட்டையை ஏற்றி, மாம்பலம் ஈரத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஆள் கனம் ஏறினதும் வண்டி வேறு வண்டியாகிவிடுகிறது. காற்றைக் கொஞ்சம் இறக்கினேன், டயர் பரந்து உட்கார்ந்து இன்னும் நன்றாகப் பிடித்தது. நீயும் உன் மனைவியை ஏற்றிக்கொள்வதற்கு முன்னால் ஒரு மூட்டையை ஏற்றிப் பழகு. மூட்டைக்குப் பயம் கிடையாது.

தீபாவளிக்கு முன்தினம் பிடித்த மழை. விடியற்காலையிலிருந்து வானம் பிளந்த மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. தியாகராய நகரில் புது வீடு கட்டிக்கொண்டு போயிருந்த ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் வீட்டிலிருந்து ஆள் வந்தான். மருமகள் அலமேலுவுக்குத் தலைப்பிரசவம், வலி கண்டுவிட்டது. உன் அப்பா எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக் கொடுத்தார். போகும் வழியில், அந்த வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர்கள் கார் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கி நின்றது. லேடி டாக்டரை அழைத்துவரப் புறப்பட்ட கார் அது. டிரைவரும் தோட்டக்காரனும் முட்டுக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களை ஒட்டினாற்போல் தாண்டிப் போனேன். அஞ்சலையிடம் போகும்போது வண்டி மாட்டிக்கொண்டதும் அதே ரோடுதான். இந்தத் தடவை நிற்கவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. தலைக்குப் பதில் ஒரு கை வெளியே வந்திருந்தது. வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. கூடத்துக்கு வந்து தாசில்தாரிடம் சொன்னேன், "எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். இப்பவே."

"கார் சேத்துல நிக்கறதே நர்ஸம்மா. இழுக்கறதுக்கு மாடு கொண்டுவர ஆள் போயிருக்கான். சித்தப் பொறுங்கோ."

"மாடு வர வரைக்கும் குழந்தை பொறுக்காதுங்க. என் வண்டி வாசல்ல நிக்குது."

"அந்த மோட்டார் சைக்கிளா? இந்த மழையிலயா? கார் போகாத ரோட்டுல அது எப்படிப் போகும்? எங்காத்துப் பொண்ணை அதுல வெச்சு, நடு ரோட்டுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அறைக்குள்ளிருந்து அலமேலுவின் குரல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "மாமா, அந்த வண்டி இப்பதானே அதே ரோட்டுல வந்திருக்கு. நான் அதுலயே போறேன். இங்க வெச்சுண்டு என்னைப் பாத்துண்டே இருக்கப் போறேளா?"

அவர் உள்ளே போய்த் தன் படுக்கையிலிருந்த தலையணைகளையும் ரப்பர் விரிப்பையும் தானே சுமந்துகொண்டு வந்தார். அலமேலுவைச் சைடுகாரில் சாய்த்துப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே தலையணையை அடுக்கி, விரிப்பால் மூடினோம். "நான் எந்தப் பக்கம் ஆட்டினாலும் பயப்படாதே. வண்டி நிக்காது" என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை.

ரோடு எது, மனை எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. நட்டிருந்த கற்களை அடையாளம் வைத்துக்கொண்டு வண்டியை விட்டேன். முன் சக்கரம் தண்ணீரைப் பிளந்துகொண்டு அடி மண்ணைத் தேடிப் பிடித்தது. கைப்பிடியில் அது எனக்குத் தெரிந்தது, உள்ளங்கையில் எழுதிக் காட்டுவது போல. பின் சக்கரம் களியைக் கவ்விக் கவ்வி என் முதுகுக்கு மேலே வாரி எறிந்தது. கார் நின்ற இடத்தில் வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக வழுக்க ஆரம்பித்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கை கெஞ்சிற்று. குறைத்தால் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். முறுக்கினேன். தோட்டக்காரன் சேற்றில் முட்டிக்கால் வரை நின்றுகொண்டு கத்தினான், "வுடாத நர்சம்மா! வுடாத, வுடாத! வந்துச்சு... வந்துச்சு!" கட்டங்கள் கெட்டி மண்ணைப் பிடித்தன. பின்னாலிருந்து பத்துப் பேர் தோள் கொடுத்துத் தள்ளிய மாதிரி வண்டி ஒரு துள்ளுத் துள்ளி மேட்டில் ஏறிற்று. தோட்டக்காரனும் டிரைவரும் போட்ட கூச்சல் தேனாம்பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

மவுண்ட் ரோடு வந்ததும் நான் வேறு ஆள் ஆனேன். பாய் சொன்னது போல ஈரத் தாரில் பின் சக்கரம் நழுவப் பார்த்தது. டிராம் தண்டவாளம் வேறு மழையில் மின்னிக்கொண்டிருந்தது. மெதுவாக, தண்டவாளத்தைக் குறுக்காக வெட்டிக் கடந்து, திருப்பத்துக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். விரிப்புக்குள்ளிருந்து அலமேலு கேட்டாள், "நர்ஸம்மா, தார் ரோடு வந்துடுத்தா?"

"வந்தாச்சும்மா."

"இனிமே குலுங்காதோன்னோ?"

"குலுங்காது."

"அப்ப எங்க மாமனார் கார்ல போறதை விட இது சௌகரியம்தான்" என்றாள். அந்த வலியில், அந்த மழையில், அந்தப் பெண் சிரித்தாள் கண்ணா. கூவம் பாலத்தைத் தாண்டும்போது நானும் சத்தமாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் தயாராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நான் தலையிலிருந்து கால் வரை ஏரிச் சேற்றோடு வராந்தாவில் நின்றேன். குழந்தையைத் திருப்பிக் காலைப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு தட்டுச் சத்தம். பிறகு, மழையையும் மீறிக்கொண்டு, ஒரு பெண் குழந்தை ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதது. எத்தனையோ குழந்தைகள் என் கையில் அழுதிருக்கின்றன. அந்த அழுகை மட்டும் எனக்காகவே அழுத மாதிரி இருந்தது. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா ரெண்டு பேருமே இல்லை. அந்த ஏரிக்குள்ளேருந்து எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். நான் வாசலில் நின்ற வண்டியைக் கை காட்டினேன்.

அன்றைக்கு ராத்திரி அலமேலுவுக்குத் துணையாக அங்கேயே இருந்துவிட்டேன். மறுநாள் தீபாவளி. மழை விட்டிருந்தது. தாசில்தார் வேட்டியெல்லாம் சேறாக ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். பேத்தியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் நேராக என் வண்டியிடம் போனார். பின்னால் குனிந்து, கட்டங்களுக்குள் காய்ந்திருந்த களியை விரலால் நோண்டிப் பார்த்தார். "நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்கோ நர்ஸம்மா. அடுத்ததுக்கும் இதுலயே அழைச்சுண்டு போயிடுங்கோ" என்றார். அன்றைக்கு அங்கே நின்றிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார். அதன் பிறகு தியாகராய நகரில் எந்த வீட்டில் வலி கண்டாலும், மச்சு வீடோ குடிசையோ, மழை நாளில் முதலில் என்னைத்தான் தேடினார்கள். நான் போகமுடியாமல் திரும்பிய வீடு என்று ஒன்றுகூட அப்புறம் கிடையாது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், ஜோடியாகப் போடாதே. கோயம்புத்தூர் மண் வேறு, மலைப் பக்கம் சரளை வேறு. நீ எந்த ரோட்டில் போகப்போகிறாய் என்பதை இறங்கி நின்று பார். எந்தச் சக்கரம் என்ன வேலை செய்கிறது என்று பார். பின்னால் உட்காரப்போகிறவளின் கனத்தைச் சேர்த்துக்கொள். அப்புறம் நீயே தேர்ந்தெடு, கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. ரோட்டைப் பார்த்து அவள் ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேள். சைடுகாரில் படுத்துக்கொண்டிருந்த அலமேலுதான் அன்றைக்குப் போகலாம் என்று முடிவு செய்தாள், நானோ அவள் மாமனாரோ இல்லை.

அந்தத் தீபாவளிக் காலையில் உன் அப்பா டிராம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு கூஜாவில் காப்பி, ஒரு மஞ்சள் பையில் எனக்கு மாற்றுப் புடவை. நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து வண்டியை உதைத்துக் கிளப்பி, "ஏறுங்க" என்றேன். சுற்றிலும் ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, சைடுகாருக்குள் இறங்கிச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். வந்த வழியே போகாமல் கடற்கரை ரோட்டுக்குத் திருப்பினேன். மழையில் கழுவிவிட்ட ரோடு வெயிலில் காய்ந்து, நேராக, காலியாகக் கிடந்தது. வழியெல்லாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து காற்று. ஐஸ் ஹவுஸ் தாண்டியதும் உன் அப்பா என் முழங்கையைத் தொட்டார். மெதுவாகப் போகச் சொல்கிறார் என்று நினைத்துக் குனிந்தேன்.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போயேன்" என்றார்.

போனேன்.

உன் அம்மா